தோட்டில் உள்ள வைரம்: தரமும் விலையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இக்கூட்டத்தில் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்றே எண்ணியிருந்தோம். அவரோ, "ஐயா, மாதம் ஒருவராவது பழைய தோட்டைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு உங்கள் வீட்டுப் படியேறுகிறார். அவர்களுக்குத் தனித்தனியே சொல்வதை எல்லார்க்கும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்" என்றார். மறுக்க இயலவில்லை.

முதலிலேயே ஒன்றைக் கூறிவிடுகிறோம். யாம் வைரம் விற்றவரும் அல்லோம். பட்டை தீட்டியவரும் அல்லோம். பம்பாயில் ஓபரா ஹவுஸ் பக்கத்திலிருந்த ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கணக்கெழுதினோம். 2010-ஆம் ஆண்டில் பாந்திரா குர்லா வளாகத்தில் வைரச் சந்தைக்கெனப் பெருங்கட்டடம் திறக்கப்பட்டபோது எம் அலுவலகமும் அங்குப் பெயர்ந்தது. மறு ஆண்டு ஓய்வு பெற்றோம். எம் மேசைக்கு அடுத்த அறைதான் கற்களைத் தரம் பிரிப்போர் அறை. வடக்கு நோக்கிய சாளரத்தின் கீழ் வெண்ணிறக் காகிதத்தை விரித்து, இடுக்கியும் உருப்பெருக்கியுமாக அவர்கள் அமர்ந்திருப்பதை நாள்தோறும் கண்டோம். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையே இன்று சொல்ல வந்தோம்.

கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆவல் தானாக வந்ததன்று. 1994-இல் எம் தாயார் காலமானார்கள். அவர்கள் விட்டுச் சென்ற பொருள்களுள் மதிப்புடையது ஏழு கல் வைரத்தோடு ஒன்றே. 1946-இல் அவர்களுடைய திருமணத்தின்போது திருச்சியில் வாங்கியது. எமக்குத் தமக்கையர் இருவர். ஒருவர் தோட்டை வைத்துக்கொள்வது, மற்றவர்க்கு அதன் மதிப்பில் பாதியைப் பணமாகக் கொடுப்பது என்று பேசி முடித்தோம். மதிப்பு என்ன என்று அறிய மூன்று கடைகளுக்குச் சென்றோம். முதற்கடையில் சொன்ன தொகையில் பாதிக்குக்கூட மூன்றாங்கடையில் வரவில்லை. நடுக்கடைக்காரர், "பணமாகத் தருவதற்கில்லை; வேறு நகையாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்று கூறிவிட்டார். வீடு திரும்பும்போது தமக்கையர் இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. தோட்டை வைத்துக்கொள்பவர் குறைந்த மதிப்பையும், பணம் பெறுபவர் கூடிய மதிப்பையும் நம்ப விரும்புவது இயல்பன்றோ? வைரத்தின் நடுவில் அமர்ந்து கணக்கெழுதும் தம்பிக்கும் இதற்கு விடை தெரியவில்லை என்பது அவர்கட்கு வியப்பாயிற்று. எமக்கு நாணமாயிற்று.

தரமும் விலையும் வெவ்வேறானவை. தரம் கல்லில் உள்ளது. விலை சந்தையில் உள்ளது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பதால்தான் நாம் குழம்புகிறோம். ஆதலின் தரத்தை முதலிற் பார்ப்போம்.

நம் முன்னோர்க்கு இத்துறை புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரையின் மணிக்கடை வீதியைக் கோவலன் காணும் இடத்தில், காகபாதம் முதலிய நான்கு குற்றங்கள் நீங்கிய வைரங்கள் அங்கே இருந்ததாக இளங்கோவடிகள் கூறுகிறார். காகபாதம் என்பது காக்கையின் கால் போலக் கல்லினுள் கிளைத்துத் தோன்றும் கீறல். இன்றைய ஆய்வகத்தில் வெண்கோட்டு அணிந்து அமர்ந்திருப்பவரும் பத்து மடங்கு உருப்பெருக்கியில் தேடுவது அத்தகைய கீறலையும் புள்ளியையும் கறையையும் கோட்டையுமே.

1720-களில் பிரேசில் நாட்டில் வைரம் கிடைக்கும்வரை உலகுக்கு வைரம் வழங்கியது பெரும்பாலும் இந்நாடே. 17-ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணை ஆற்றங்கரைச் சுரங்கங்களுக்கு வந்த தவர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர், இங்குள்ளோர் கல்லைப் பார்த்த முறையை எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பியர் பகலில் பார்க்க, நம்மவர் இரவில் பார்த்தனராம். சுவரில் ஒரு மாடம். அதில் தடித்த திரியிட்ட விளக்கு. அதன் எதிரே விரலிடையே பிடித்த கல். அவ்வொளியில் கல்லின் நீரோட்டத்தைக் கண்டனர். பேரமும் வாய் திறவாமல் நடந்தது. ஆடையின் கீழே ஒருவர் கையை மற்றவர் பற்றி, முழுக்கை ஆயிரம், ஒரு விரல் நூறு என்று விரலாலேயே விலை பேசி முடிப்பராம். அருகில் நிற்பவர்க்கு ஒன்றும் தெரியாது. இன்றும் கடையில் நமக்கு நேர்வது ஏறத்தாழ இதுவே என்று எம் மூத்த தமக்கையார் நகைப்பார்.

கடைக்குக் கடை வேறுபட்டிருந்த இம்முறைகளை ஒழுங்குபடுத்தியவர்களுள் முதன்மையானது, 1931-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜி.ஐ.ஏ. என்னும் ரத்தினவியல் நிறுவனம். அதன் தலைவராயிருந்த ரிச்சர்டு லிடிகோட் என்பார் 1950-களின் தொடக்கத்தில் நிறத்திற்கும் தெளிவிற்கும் அளவுகோல் வகுத்தார். 1955 முதல் அந்நிறுவனம் கற்களுக்குச் சான்றறிக்கை வழங்கி வருகிறது. எடை, நிறம், தெளிவு, பட்டை ஆகிய நான்குமே இன்று உலகெங்கும் வழங்கும் அளவைகள்.

நிறத்தை ஆங்கில எழுத்துகளாற் குறிப்பர். நிறமே இல்லாத கல் 'டி'. அங்கிருந்து மஞ்சள் சாயல் ஏற ஏற 'இசட்' வரை செல்லும். 'ஏ'யில் தொடங்காமல் 'டி'யில் தொடங்கியது ஏன் என்று வினவலாம். அதற்கு முன்பே வணிகர் ஏ, பி, சி, இரட்டை ஏ என்றெல்லாம் தத்தம் விருப்பப்படி எழுதிவந்தனர். அவற்றோடு மயங்காதிருக்கவே புதிய எழுத்திலிருந்து தொடங்கினர். மஞ்சள் சாயலுக்குக் காரணம் கல்லினுள் கலந்த நைட்ரஜன் அணுக்கள். 'டி', 'இ', 'எஃப்' மூன்றும் நிறமற்றவை. 'ஜி' முதல் 'ஜே' வரை ஏறத்தாழ நிறமற்றவை. நிறம் பார்ப்பவர் கல்லை முகம் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பார்க்கிறார். நேர்முகமாக வைத்தால் ஒளிச்சிதறல் கண்ணை மயக்கிவிடும். தரம் அறுதியிட்ட மாதிரிக் கற்களின் வரிசையில் இக்கல்லை நகர்த்தி நகர்த்தி, எதனோடு ஒக்கிறது என்று முடிவு செய்கிறார். இது முற்றிலும் ஒப்புநோக்கிச் செய்யும் வேலை. தங்கத்தில் பதித்த கல்லில் தங்கத்தின் மஞ்சளும் கலந்து தெரியும். ஆகவே தோட்டில் இருக்கும் கல்லின் நிறத்தை எழுத்துச் சுத்தமாக எவராலும் கூற இயலாது; உத்தேசமாகவே கூறலாம்.

தெளிவிற்குப் பதினொரு படிகள். குறையே காணாத கல் தொடங்கி, வெறுங்கண்ணுக்கே குறை புலப்படும் கல் ஈறாக அவை அமையும். கடைகளில் நாம் கேட்கும் வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. என்பன இடைப்பட்ட படிகளே. வி.வி.எஸ். கல்லுக்கும் வி.எஸ். கல்லுக்கும் உள்ள வேறுபாட்டை வெறுங்கண்ணால் காண முடியாது. காண முடியாத ஒன்றிற்கு விலை கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுத்தால் குற்றமில்லை. கரும்புள்ளி உள்ள கல் வீட்டிற்கு ஆகாது என்னும் நம்பிக்கை நம்மிடையே வலுவாக உண்டு. அந்நம்பிக்கையை யாம் ஆராயப் புகவில்லை. ஆனால், புள்ளி ஓரத்தில் உள்ளதா நடுமேடையின் கீழ் உள்ளதா என்பதைப் பொறுத்துத் தரம் மாறும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்.

பட்டையைப் பற்றி நம் இல்லங்களில் எவரும் கேட்பதேயில்லை. உண்மையில் கல்லின் உயிர் அங்கேதான் உள்ளது. ஒளி வைரத்தினுள் நுழைந்து, அடிப்பக்கத்துப் பட்டைகளில் மோதித் திரும்பி, மேல்முகம் வழியே நம் கண்ணுக்கு வரவேண்டும். அடிப்பக்கம் மிக ஆழமாயினும், மிகத் தட்டையாயினும் ஒளி கீழே கசிந்துவிடும். மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பார் 1919-இல் இதனைக் கணக்கிட்டு, வட்டக் கல்லின் அடிக்கோணம் 40¾ பாகை, மேற்கோணம் 34½ பாகை இருத்தல் நன்று என்று காட்டினார். எனினும் ஜி.ஐ.ஏ. வட்டக் கற்களின் பட்டைக்குத் தரம் எழுதத் தொடங்கியது 2006-இல்தான். நிறமும் தெளிவும் இயற்கையின் கொடை. பட்டையோ மனிதன் கை. சூரத்து நகரின் பட்டறைகளில் இலட்சக்கணக்கானோர் அவ்வேலையால் வாழ்கின்றனர். உலகில் தீட்டப்படும் கற்களுள் மிகப் பெரும்பான்மை அவர்கள் கைபட்டு வருவனவே. இவ்வளவு சிறந்த உழைப்பை நாம் கேட்டுக்கூட வாங்குவதில்லை.

இனி எடை. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதில் நூற்றில் ஒரு பங்கைக் கடைக்காரர் 'சென்ட்' என்பர். (தங்கத்தின் 22 காரட் என்பது தூய்மையின் அளவு, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.) எளிய செய்திதான். ஆனால் நம் குடும்பங்கள் மிகுதியும் ஏமாறுவது இங்கேதான். எம் வீட்டிலும் "இரண்டு காரட் தோடு" என்றே தலைமுறையாகச் சொல்லி வந்தோம். இரண்டு காரட் எடையுள்ள ஒற்றைக் கல் வேறு. பதினான்கு கற்களின் எடையைக் கூட்டினால் வரும் இரண்டு காரட் வேறு. பெரிய கல் அரிது. ஆகவே கல் பெரிதாகப் பெரிதாக ஒரு காரட்டின் விலையே ஏறுகிறது. தவர்னியே காலத்து வணிகர் எடையை அதே எடையால் பெருக்கி, ஒரு காரட்டின் விலையால் மீண்டும் பெருக்கி மதிப்பிட்டனர். அக்கணக்கின்படி பார்த்தால், இரண்டு காரட் பதினான்காகப் பிரிந்த நம் தோட்டின் மதிப்பு, அதே எடையுள்ள ஒற்றைக் கல்லின் மதிப்பில் பதினான்கில் ஒரு பங்கே. இன்றைய சந்தை அவ்வாய்பாட்டை அப்படியே பின்பற்றுவதில்லை, போக்கு அதுதான்.

தமக்கையரின் பிணக்கு மூன்று வாரம் நீடித்தது. பின்னர், எம் அலுவலகத்தில் தரம் பிரிப்போருள் மூத்தவராகிய ஒரு குஜராத்திப் பெரியவரிடம் தோட்டைக் கொண்டு சென்றோம். அவர் அதனைக் கையில் வாங்கியதும், "இப்படியே பார்த்துச் சொன்னால் அது என் ஊகம். கல்லைக் கழற்றச் சம்மதமா?" என்று கேட்டார். தமக்கையர் இருவரும் சம்மதித்தனர். பொற்கொல்லர் ஒருவரை வருவித்து, அவர்கள் கண்ணெதிரே பதினான்கு கற்களையும் கழற்றி, ஐம்பதாண்டு எண்ணெயும் மஞ்சளும் போகக் கழுவினோம். கழுவியதுமே கற்கள் வேறாகத் தோன்றின.

ஒவ்வொன்றாக எடை போட்டார். பதின்மூன்று கற்கள் 14 சென்ட் அளவில் ஒத்து வந்தன. ஒன்று மட்டும், அதே அகலமும் ஆழமும் கொண்டதாயினும், 16 சென்ட் காட்டியது. உருப்பெருக்கியில் அதனை நெடுநேரம் பார்த்தார். மற்றவற்றின் பட்டை ஓரங்கள் கத்திபோல் கூர்மையாயிருக்க, இதன் ஓரங்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. "இது வைரமன்று, வெள்ளைப் புஷ்பராகம்" என்றார். புஷ்பராகம் வைரத்தினும் அடர்த்தி மிக்கது. ஆகவே எடை கூடிற்று. வைரத்தினும் மென்மையானது, ஆகவே தேய்ந்தது.

அறையில் யாரும் பேசவில்லை. திருகாணி மாற்றக் கொடுத்த இடத்தில் எவரோ கல்லை மாற்றியிருக்க வேண்டும் என்று சின்னத் தமக்கையார் சொன்னார். தோடு கடைசியாக எவர் பொறுப்பில் இருந்தது என்ற வினா வாய்வரை வந்து நின்றது. அதன் பிறகு ஒரு நாள் தாயாரின் பழைய வரவு செலவுக் குறிப்பேடுகளைப் புரட்டினோம். 1968-ஆம் ஆண்டு ஜூன் மாதத்துப் பக்கத்தில், "தோட்டுக் கல் 1" என்றொரு வரி அவர்கள் கையெழுத்திலேயே இருந்தது. எதிரே எழுதியிருந்த தொகை வைரத்திற்குக் காணாது, புஷ்பராகத்திற்கே காணும். அதற்கு இரண்டு வரி மேலே எம் கல்லூரிச் சேர்க்கைக் கட்டணம் எழுதப்பட்டிருந்தது. வைரம் எங்கே போயிற்று என்று குறிப்பேட்டில் இல்லை. வரவுப் பக்கத்தில் மட்டும் விவரம் எழுதாத ஒரு தொகை இருந்தது. கணக்கெழுதிப் பிழைத்த யாம் அப்பக்கத்தைப் பலமுறை கூட்டிப் பார்த்தோம்.

தமக்கையர் ஆளுக்கு ஒரு காதுத் தோட்டை எடுத்துப் பதக்கமாகச் செய்துகொண்டனர். புஷ்பராகம் இருக்கும் தோடு மூத்தவர்க்கு வந்தது. அக்கல்லை எடுத்துவிட்டு வைரம் வைத்துத் தருவதாக யாம் கூறினோம். வேண்டாவென்று சொல்லிவிட்டார்.

அப்பெரியவர் வேறொன்றும் காட்டினார். இருட்டுப் பெட்டியில் வைத்துப் புற ஊதா விளக்கைப் போட்டதும் பதின்மூன்று வைரங்களுள் ஒன்பது நீலமாக ஒளிர்ந்தன. "ப்ளூ ஜாகர்" என்று நம் தாய்மார்கள் பெருமையுடன் கூறுவது இத்தகைய கற்களையே. தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபான்டீன் என்றொரு சுரங்கம் இருந்தது. 1870-இல் வைரம் கிடைக்கத் தொடங்கி, 1971-இல் மூடப்பட்டது. அங்குக் கிடைத்த நீலச்சாயல் கற்களால் அச்சுரங்கத்தின் பெயரே தரத்தின் பெயராயிற்று. சூரிய ஒளியிலும் புற ஊதாக் கதிர் இருத்தலால், இக்கற்கள் வெயிலில் இலேசான நீலம் காட்டித் தம் மஞ்சள் சாயலை மறைத்துவிடும். சுரங்கம் மூடி அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அப்பெயரில் கற்கள் விற்கப்படுகின்றன. பெயர் சான்றாகாது. மேலும், நாம் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய இந்நீல ஒளிர்வுக்காகவே, உயர்நிறக் கற்களுக்கு உலகச் சந்தையில் விலையைக் குறைக்கிறார்கள்! கல்லின் அழகு குறைந்ததென்று பொருளன்று; சந்தையின் விருப்பம் வேறு, நம் விருப்பம் வேறு.

விலையைப் பற்றிச் சிறிது. ஆய்வகச் சான்றறிக்கையில் விலை எழுதுவதில்லை. வணிகர்கள் பெரும்பாலும் பார்ப்பது 1978 முதல் நியூயார்க்கிலிருந்து வெளிவரும் ராப்பபோர்ட் விலைப்பட்டியலை. அது கேட்கும் விலையே ஒழிய, விற்கும் விலையன்று. அதிலிருந்து இத்தனை விழுக்காடு தள்ளி என்றுதான் பேரம் நடக்கும். பட்டியல் எடை வாரியாகப் படிகளாக அமைந்தது. 0.99 காரட் ஒரு படி, 1.00 காரட் அடுத்த படி. ஒரு சென்ட்டை எந்தக் கண்ணும் காணாது, விலை காணும். அப்படியை எட்டுவதற்காகவே சிலர் கல்லின் இடைவிளிம்பைத் தடிப்பாக விட்டுப் பட்டையின் அழகைக் கெடுப்பதும் உண்டு. இனி, கடையில் விற்கும் விலைக்குள் கடைக்காரரின் ஊதியம், செய்கூலி, வரி எல்லாம் அடங்கும். திரும்ப விற்கும்போது அவை திரும்பா. எமக்கு மூன்று கடைகளில் மூன்று தொகை வந்ததற்கு யாரும் பொய் சொன்னார் என்று காரணம் தேட வேண்டியதில்லை. ஒருவர் முழுக்கல் வைரமென்று எண்ணி, மாற்றிக்கொள்ளும் விலை சொன்னார். மற்றவர் கழற்றிப் பார்க்காத ஐயத்திற்கும் சேர்த்துத் தள்ளிச் சொன்னார்.

இளம் பெற்றோர்கள் ஆய்வகத்தில் விளைந்த வைரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அது கண்ணாடியன்று, போலியுமன்று. கரியணுக்கள் அதே ஒழுங்கில் அமைந்த வைரமே. கடையில் ஊசிமுனைக் கருவியால் தொட்டுப் பார்த்தாலும் வைரம் என்றே காட்டும். வேறுபாடறிய ஆய்வகக் கருவி வேண்டும். சூரத்திலேயே மிகுதியாக விளைவிக்கிறார்கள். வேண்டிய அளவு விளைவிக்க முடிவதால் அதன் விலை கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் விழுந்துவிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே உயர்தரத்தில் வருதலால், ஜி.ஐ.ஏ. 2025 முதல் அவற்றுக்கு 'டி', 'இ' என்று எழுத்து இடுவதை விடுத்து இரண்டே வகையாகக் குறிக்கத் தொடங்கியிருக்கிறது. அணிந்து மகிழ வாங்குவதற்குத் தடையில்லை. மகளின் படிப்புக்கு ஒரு நாள் உதவும் என்று எண்ணி வாங்குவதாயின், வேண்டா என்பதே எம் கருத்து.

வாங்கச் செல்வோர்க்கு இரண்டொரு சொல். ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மைக்கு உரியது; கல்லைப் பற்றி அது ஒன்றும் கூறாது. சிறு கற்களுக்குத் தனித்தனியே சான்று எழுதுவது செலவுக்குக் கட்டாது. ஆதலின் நகை முழுமைக்கும் ஒரே அட்டை தருவர். அதில் நிறம் 'இ' முதல் 'ஜி' வரை என்றிருந்தால், எல்லாக் கற்களும் 'ஜி'யாக இருக்கலாம் என்று கொள்ளுங்கள். மொத்த எடையைக் கேட்டால் போதாது. கல் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை சென்ட் என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். திரும்ப எடுத்துக்கொள்வதாயின் பணமாகவா, நகையாகவா, எத்தனை விழுக்காடு என்பதையும் எழுத்தில் பெறுங்கள். பெரிய கல்லாயின் அதன் இடைவிளிம்பில் அறிக்கையின் எண் நுண்ணெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்கி கேட்டு வாங்கி அவ்வெண்ணைப் படித்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை இருக்கிறது.

நூலக அறையின் மேசைமேல் மூன்று உருப்பெருக்கிகளும், பகலொளி விளக்கொன்றும், புற ஊதா விளக்கொன்றும் வைத்திருக்கிறோம். தாய்மார்கள் தோட்டைக் கழற்றாமலே கூட வந்து அமரலாம். நீலம் ஒளிர்கிறதா என்று பார்த்துவிடலாம். எவரிடமும் யாம் விலை சொல்லப் போவதில்லை. மூத்த தமக்கையார் செம்பூரிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். புஷ்பராகத்தின் ஓரம் எப்படித் தேய்ந்திருக்கும் என்று காண விரும்புவோர்க்குத் தம் பதக்கத்தைக் காட்ட இசைந்திருக்கிறார்.